நிபந்தனைகளுக்கு உட்பட்டது

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு மளிகைக் கடைக்காரரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. வணிகமும் சட்டமும் உரசும் இடம் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்றார்கள். கடைகள் அறிவிக்கும் சலுகைகளில் இருக்கும் ஓட்டைகளைப் பயன்படுத்திக்கொள்வது சட்டப்படி செல்லுமா, அறப்படி தகுமா என்று பேசப்போகிறேன் என்றேன். மூத்த மகன் சிரித்துவிட்டு, "அப்பா பேரில் கூட்டம் போட்டு, கடையை ஏமாற்றுவது எப்படி என்று வகுப்பு எடுக்கப்போகிறீர்களா?" என்று கேட்டார். கடைக்காரர் பக்கமே நின்று பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருந்தால் பாதிப் பேச்சுவரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு கெட்டிக்காரரைப் பார்ப்போம். 1999-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம். 'ஹெல்தி சாய்ஸ்' என்ற உணவு நிறுவனம் ஒரு சலுகை அறிவித்தது. அவர்களுடைய பொருள்களின் பார்கோடு பத்தை வெட்டி அனுப்பினால் 500 விமான மைல்கள், அதாவது இலவச விமானப் பயணத்துக்கான புள்ளிகள். மே மாத இறுதிக்குள் அனுப்பினால் அது இரட்டிப்பாகி 1,000 மைல்கள். அந்த நிறுவனத்தின் உறையவைத்த சாப்பாட்டுப் பொட்டலங்கள் ஒவ்வொன்றும் ஓரிரு டாலர் விலை. மக்கள் நாலைந்து பொட்டலம் வாங்குவார்கள், அதில் பாதிப் பேர் பார்கோடை அனுப்ப மறந்துவிடுவார்கள் என்பது கணக்கு. பல்கலைக்கழகம் ஒன்றில் வேலை பார்த்த சிவில் இன்ஜினியர் ஒருவர் அந்த நிபந்தனைகளை உட்கார்ந்து படித்தார். பிறகு கடை கடையாகப் போய், அந்த நிறுவனத்தின் பொருள்களிலேயே எது மிகவும் மலிவு என்று தேடினார். சாக்லேட் புட்டிங். கிண்ணம் ஒன்று 25 சென்ட்.

அவர் 12,150 கிண்ணங்கள் வாங்கினார். செலவு ஏறத்தாழ 3,140 டாலர். கிடைத்தது பன்னிரண்டரை லட்சம் விமான மைல். கடையில் இவ்வளவு எதற்கு என்று கேட்டவர்களிடம், 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுவிடுமாமே, அதற்காகச் சேமித்து வைக்கிறேன் என்றாராம். மனைவி மக்களோடு உட்கார்ந்து அத்தனை கிண்ணத்தின் பார்கோடையும் பிரிக்க முடியவில்லை. சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு நிறுவனத்திடம் போனார். புட்டிங்கை உங்களுக்கே தந்துவிடுகிறேன், பார்கோடை மட்டும் பிரித்துக் கொடுங்கள் என்றார். நன்கொடை கொடுத்ததற்கு 815 டாலர் வரிச் சலுகை வேறு கிடைத்தது. நிறுவனம் மைல்களைக் கொடுத்தது. 2002-இல் வந்த 'பஞ்ச்-ட்ரங்க் லவ்' படத்தில் புட்டிங் வாங்கிக் குவிக்கும் கதாநாயகனுக்கு இவர்தான் மூலம்.

இதில் எங்கே குற்றம்? நிபந்தனையில் ஒரு வரியைக்கூட அவர் மீறவில்லை. ஒருவருக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இல்லை. புட்டிங் இந்தச் சலுகையில் சேராது என்று எழுதப்படவும் இல்லை. நிபந்தனையை எழுதியவர்கள் சம்பளம் வாங்கும் நிபுணர்கள், படித்தவர் சாப்பாட்டுச் சாமான் வாங்கப் போன ஆள். எழுதியவரைவிடப் படித்தவர் கவனமாக இருந்தார், அவ்வளவுதான் நடந்தது. கவனமாகப் படிப்பது எந்த நாட்டிலும் குற்றம் இல்லை. கடைக்காரர்களிடம் சொன்ன அந்தச் சின்னப் பொய்யை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எதற்கு வாங்குகிறாய் என்று கேட்கக் கடைக்கு உரிமை கிடையாது, ஆகையால் அது கணக்கில் வராது என்பது என் கருத்து. உங்களில் சிலர் ஒப்பமாட்டீர்கள்.

இங்கே சலுகை என்ற தொழிலின் உள்வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆடி பிறந்தால் தி.நகரிலிருந்து திருநெல்வேலி வடக்கு ரத வீதிவரை 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று பலகை தொங்குகிறது. பழைய சரக்கைத் தள்ளுவதும் கூட்டம் சேர்ப்பதும் நேரான வியாபாரம். கறிவேப்பிலைக் கொசுறு கொடுத்த காலத்திலிருந்து நடப்பதுதான். ஆனால் கூப்பன், கேஷ்பேக், பார்கோடை வெட்டி அனுப்பு என்ற வகையைச் சேர்ந்த சலுகைகளுக்குள் இன்னொரு கணக்கு ஓடுகிறது. சலுகையைப் பார்த்து வாங்குகிறவர்களில் எத்தனை பேர் கடைசிவரை போய் அதைக் கேட்டுப் பெறுவார்கள்? மறப்பவர்கள், சோம்பல்படுபவர்கள், படிவத்தைத் தொலைப்பவர்கள், 'இந்த நாற்பது ரூபாய்க்காக அலைவதா' என்று விடுபவர்கள் எல்லோரையும் கழித்துவிட்டுத்தான் செலவை மதிப்பிடுகிறார்கள். நம்முடைய மறதி அவர்களுடைய வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி. அப்படியிருக்க, மறக்காத ஒருவன் வந்து நின்றால் அவனைப் பேராசைக்காரன் என்பது வேடிக்கை.

இந்தக் கணக்கு உதைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹூவர் கம்பெனியைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1992-இல் பிரிட்டனில் ஹூவரின் வாக்குவம் கிளீனர்களும் சலவை இயந்திரங்களும் விற்காமல் தேங்கின. 100 பவுண்டுக்கு மேல் ஹூவர் பொருள் வாங்கினால் ஐரோப்பிய நகரம் ஒன்றுக்கு இரண்டு பேருக்குப் போக வர விமானச் சீட்டு இலவசம் என்று அறிவித்தார்கள். விற்பனை ஏறியது. ஆசையும் ஏறியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அதே 100 பவுண்டுக்கு அமெரிக்காவுக்கே சீட்டு என்றார்கள். ஏறத்தாழ 120 பவுண்டுக்கு ஒரு வாக்குவம் கிளீனர் வாங்கினால் அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள இரண்டு விமானச் சீட்டு. சின்ன வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு. கம்பெனிக்கு மட்டும் ஏன் புரியவில்லை?

புரியாமல் இல்லை. அவர்கள் நம்பியது நடைமுறையை. வாங்கிய 14 நாளுக்குள் ரசீதோடு விண்ணப்பம் அனுப்ப வேண்டும், வேறொரு படிவம் வரும், அதை மறுபடி கெடுவுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும், பிறகு விமான நிலையங்களையும் தேதிகளையும் நாம் எழுத வேண்டும், அவற்றை மறுத்து வேறு தேதி சொல்லும் உரிமை கம்பெனிக்கு உண்டு. இத்தனை வேலியையும் தாண்டி வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள் என்று நினைத்தார்கள். வேலியைத் தாண்டி ஊரே வந்தது. சீட்டுக்காகவே இரண்டு மூன்று வாக்குவம் கிளீனர் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலேயே பழைய சாமான் விளம்பரத்தில் விற்றார்கள். கடைசியில் ஏறத்தாழ 2,20,000 பேர் பறந்தார்கள். கம்பெனிக்கு ஆன செலவு ஏறத்தாழ 5 கோடி பவுண்டு. மூன்று மேலதிகாரிகள் வேலை இழந்தார்கள். சீட்டுக் கிடைக்காதவர்கள் சிறு வழக்கு நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். ஒருவர் தன் வீட்டுச் சலவை இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்த ஹூவர் வண்டியை வழிமறித்துச் சிறைபிடித்தே வைத்துக்கொண்டார். தாய் நிறுவனமான அமெரிக்காவின் மேடேக், 1995-இல் ஹூவரின் ஐரோப்பிய வியாபாரத்தையே இத்தாலியின் கேண்டி நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது.

பெட்டியைப் பிரிக்காமல் விற்ற அந்த பிரிட்டிஷ்காரர்கள் ஓட்டையைப் பயன்படுத்தினார்களா? பயன்படுத்தினார்கள். ஆனால் முதலில் ஓட்டையைத் தேடியது ஹூவர். மனிதனின் சோம்பல் என்ற ஓட்டைக்குள் புகுந்து சரக்கைத் தள்ளலாம் என்று திட்டம் போட்டது அவர்கள்தான். பந்தயம் கட்டியவர் தோற்றால் பணத்தை வைக்க வேண்டும். இந்த வகை நட்டத்துக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டேன்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? உங்களில் முதலாண்டு சட்ட மாணவர்களும் கார்லில் வழக்கைப் படித்திருப்பீர்கள். 'புகைப்பந்து' என்ற எங்கள் மருந்தை நாள்தோறும் மூன்று வேளை வீதம் இரண்டு வாரம் பயன்படுத்தியும் காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருகிறோம், இதற்காக அலையன்ஸ் வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருக்கிறோம் என்று லண்டன் கம்பெனி ஒன்று விளம்பரம் செய்தது. கார்லில் என்ற அம்மையார் சொன்னபடி பயன்படுத்தினார், காய்ச்சல் வந்தது, பணம் கேட்டார். விளம்பரம் என்றால் கொஞ்சம் மிகைப்படுத்தத்தானே செய்வார்கள் என்றது கம்பெனி. வங்கியில் பணம் போட்டிருக்கிறேன் என்று எழுதியவன் மிகைப்படுத்தினேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று 1892-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சாதாரண விளம்பரமும் கடைப் பலகையும் பேரத்துக்கு விடுக்கும் அழைப்பு மட்டுமே. ஆனால் 'இதைச் செய், இதைத் தருகிறேன்' என்று வரையறுத்துச் சொன்னால் அது முன்மொழிவு, சொன்னதைச் செய்தாலே ஏற்பு. நம்முடைய 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. புட்டிங் இன்ஜினியர் நீதிமன்றம் போயிருந்தாலும் இந்தப் பாதையில்தான் வென்றிருப்பார்.

இதன் எல்லை எங்கே என்பதை பெப்ஸி வழக்கு காட்டியது. 1990-களின் நடுவில், பாட்டில் வாங்கிப் புள்ளி சேர்த்தால் பரிசு என்று பெப்ஸி விளம்பரம் செய்தது. டி-சட்டை, தோல் சட்டை என்று காட்டிவிட்டு, கடைசியில் ஒரு பையன் ஹாரியர் போர் விமானத்தில் பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்குவான். அதற்கு 70 லட்சம் புள்ளி. சியாட்டில் பகுதியைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவர் நிபந்தனையைப் படித்தார். குறையும் புள்ளிகளை ஒன்றுக்கு 10 சென்ட் வீதம் பணம் கட்டியும் பெறலாம் என்று இருந்தது. ஆதரவாளர்களிடம் பணம் திரட்டி, 15 புள்ளிகளோடு 7,00,008 டாலர் 50 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பி, விமானத்தைக் கொடு என்றார். அந்த விமானத்தின் விலை ஏறத்தாழ 2.3 கோடி டாலர். 1999-இல் நியூயார்க் நீதிபதி கிம்பா வுட், விவேகமுள்ள எவனும் அந்த விளம்பரத்தை நிஜமான வாக்குறுதி என்று நம்பமாட்டான், அது நகைச்சுவை என்று சொல்லி வழக்கைத் தள்ளினார். தீர்ப்பு சரி. ஆனாலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. வழக்கு வந்த பிறகு அதே விளம்பரத்தில் பெப்ஸி 70 லட்சத்தை 70 கோடியாக மாற்றி, 'சும்மா விளையாட்டுக்கு' என்று ஒரு வரியும் சேர்த்தது. வேடிக்கை எல்லோருக்கும் தெள்ளத்தெளிவாக இருந்ததென்றால் திருத்துவானேன்?

இதுவரை சொன்னவை கடையின் பேராசைக் கணக்கும் கேலியும். இனி வருவது வேறு. கை தவறி விழுந்த விலை.

2003 ஜனவரியில் சிங்கப்பூர். டிஜிலேண்ட்மால் என்ற இணையக் கடை. ஊழியர் ஒருவர் பயிற்சிக்காக விலைப்பட்டியலில் ஏதோ எண்களைப் போட்டுப் பார்த்தார். அது உண்மையான தளத்தில் ஏறிவிட்டது. 3,854 சிங்கப்பூர் டாலர் விலையுள்ள எச்.பி. லேசர் பிரின்டர் 66 டாலர் என்று காட்டியது. சில நாள் யாரும் கவனிக்கவில்லை. 13-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி ஒருவர் கண்ணில் பட்டது. அவர் நண்பருக்குச் சொல்ல, அந்த நண்பர் இன்னொருவரை எழுப்ப, ஆறு பேர் சேர்ந்து விடிவதற்குள் 1,606 பிரின்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். செலுத்த வேண்டியது 1,05,996 டாலர். சரக்கின் மதிப்பு 61 லட்சம் டாலருக்கு மேல். ஆர்டரை ஏற்றோம் என்று கம்ப்யூட்டர் தானாகவே பதில் அனுப்பியது. அன்றைக்கே கடை தவற்றைக் கண்டுபிடித்துத் தரமுடியாது என்றது. ஆறு பேரும் வழக்குப் போட்டார்கள்.

கேள்வி எளிது. விலை எழுதியிருந்தது, ஆர்டர் போட்டார்கள், ஏற்பும் வந்தது. ஒப்பந்தத்தின் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. பிறகு என்ன? உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி.கே. ராஜா அந்த இரவை மணி மணியாக எடுத்து ஆராய்ந்தார். தூக்கத்தை விட்டு எழுந்து இத்தனை பிரின்டர் எதற்காக? இணையத்தில் அந்த பிரின்டரின் சந்தை விலையைத் தேடிப் பார்த்தது எதற்காக? அவர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளில் என்ன பேசினார்கள்? இவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்லர், படித்தவர்கள், வியாபாரம் தெரிந்தவர்கள். விலை தவறு என்று தெரிந்தே பறித்துக்கொள்ள முயன்றார்கள், ஆகவே ஒப்பந்தமே இல்லை என்று தீர்ப்பளித்தார். 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இந்தக் கோட்பாடு புதிதல்ல. 1939-இல் லண்டனில் முயல் தோல் வியாபாரத்தில் வந்த ஹார்ட்டாக் வழக்கு இதற்குப் பாட்டன். தோல் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேரம் பேசிவிட்டு, கடிதத்தில் பவுண்டு எடைக்கு இவ்வளவு என்று தவறி எழுதிவிட்டார் விற்பவர். எடையில் பவுண்டுக்கு மூன்று தோல் நிற்கும். அதாவது மூன்றில் ஒரு பங்கு விலை. அந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இது தவறு என்று தெரியாமல் இருக்க முடியாது, தெரிந்துகொண்டே 'சரி' என்று பாய்ந்து பிடிப்பது செல்லாது என்றார் நீதிபதி.

புட்டிங்குக்கும் பிரின்டருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். இரண்டிலும் ஒருவர் படித்தார், கணக்குப் போட்டார், அள்ளினார். வித்தியாசம் அள்ளிய அளவில் இல்லை. புட்டிங் விற்றவர் சொன்ன சொல் அவர் சொல்ல நினைத்த சொல்தான். அதன் விளைவை மட்டும் அவர் கணிக்கவில்லை. பிரின்டர் விற்றவர் அந்தச் சொல்லைச் சொல்லவே நினைக்கவில்லை, அது வாங்கியவர்களுக்கும் தெரியும். ஒருவருடைய முடிவு தவறாகப் போனால் அதன் பலனை எடுத்துக்கொள்ளலாம். ஒருவருடைய கை தவறினால் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்று நான் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான்.

ஆனால் இந்த வாதத்தைக் கடைகள் துஷ்பிரயோகம் செய்யவும் முடியும் என்பதால், எதிர்த்திசையிலிருந்து ஒரு வழக்கு. பிலிப்பைன்ஸ், 1992. பாட்டில் மூடிக்குள் எண் அச்சிட்டு, அறிவிக்கப்படும் எண் வந்தால் பரிசு என்றது பெப்ஸி. உச்சப் பரிசு 10 லட்சம் பெசோ. ஏழை நாட்டில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றும் தொகை. மே 25-ஆம் தேதி இரவு தொலைக்காட்சியில் 349 என்று அறிவித்தார்கள். அந்த எண்ணுள்ள மூடிகள் லட்சக்கணக்கில் சந்தையில் கிடந்தன. உரிய பாதுகாப்புக் குறியீடு அவற்றில் இல்லை, ஆகவே செல்லாது என்றது கம்பெனி. நல்லெண்ணத் தொகை என்று ஆளுக்கு 500 பெசோ தந்தது. நாலேமுக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் தெருவில் இறங்கினார்கள். வண்டிகள் எரிந்தன, வெடிகுண்டு வீசப்பட்டது, உயிர்கள் போயின. வழக்குகள் பதினான்கு ஆண்டு ஓடி, 2006-இல் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முடித்தது.

இங்கேயும் கை தவறியது கம்பெனிக்குத்தான். ஆனால் மூடியைக் கையில் வைத்திருந்தவர்கள் சிங்கப்பூர் நண்பர்களைப்போல நள்ளிரவில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர். நிஜமாகவே நம்பியவர்கள். குறியீடு பற்றிய நிபந்தனை அச்சில் இருந்தது, சட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. இந்த இடத்தில் சட்டம் வென்று அறம் தோற்றது என்று நான் நினைக்கிறேன். தவறு யாருக்குத் தெரியும் என்பதே சோதனை என்றால், நம்பியவர்களுக்கு 500 பெசோ பதில் ஆகாது.

நம் ஊருக்கு வருவோம். இணையக் கடையில் 40,000 ரூபாய் டிவி 400 ரூபாய் என்று காட்டினால், உடனே ஆர்டர் போட்டுவிட்டு ஒப்பந்தச் சட்டத்தின் 22-ஆம் பிரிவைத் துணைக்குக் கூப்பிடும் மாணவர்கள் உண்டு. ஒரு தரப்பு மட்டும் ஒரு விவரத்தைத் தவறாக எண்ணியிருந்தது என்பதற்காகவே ஒப்பந்தம் ரத்து செய்யத்தக்கது ஆகிவிடாது என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் அதற்கு முன்னால் 13-ஆம் பிரிவு நிற்கிறது. இருவரும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒப்புக்கொண்டால்தான் சம்மதம். அவர் 400 என்று சொல்ல நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கும்போது, ஒரே பொருளில் எப்படி ஒப்புக்கொண்டோம்? போதாததற்கு, சரக்கை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் உருவாகிறது என்று பல இணையக் கடைகள் தங்கள் விதிமுறையில் எழுதி வைத்திருக்கின்றன. டிவி வராது.

அதே சமயம் கடைக்கும் கடிவாளம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தரும் எண்ணமில்லாமல் பரிசு அறிவிப்பதையும், விலையில் ஏற்றிவிட்டு இலவசம் என்று காட்டுவதையும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. 2020-இன் மின்வணிக விதிகளின்படி, ஆர்டரை ரத்து செய்யும் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கும் கடை, தானே ஒருதலையாக ரத்து செய்தால் அதே அளவு கட்டணத்தைத் தானும் ஏற்க வேண்டும். எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? 2022-இல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகள் இன்னும் சுவையானவை. விளம்பரத்தில் எந்த மொழியில் வாக்குக் கொடுக்கிறாயோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்கின்றன. 'அதிரடித் தள்ளுபடி' என்று தமிழில் முழங்கிவிட்டு, நட்சத்திரக் குறி போட்டு அடியில் ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் எழுதும் பழக்கத்துக்கு இது நேரடி அடி. நாளிதழைப் புரட்டுங்கள், எவ்வளவு அமலாகியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

மாணவர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புதிய வாடிக்கையாளருக்கு முதல் ஆர்டரில் பாதி விலை என்றால், வீட்டில் உள்ள எல்லோருடைய எண்ணிலும், புதிதாக வாங்கிய சிம்மிலும் கணக்குத் தொடங்கி மாதம் முழுதும் 'புதிய' வாடிக்கையாளராகவே பிரியாணி சாப்பிடுகிறவர்கள் விடுதிகளில் இருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு உடுத்திய பட்டுப்பாவாடையை விலைச்சீட்டு கிழியாமல் காப்பாற்றி மறுநாள் திருப்பிக் கொடுக்கிறவர்களும் உண்டு. இவற்றை ஓட்டை என்று சொல்லாதீர்கள். இவை பொய். புட்டிங் இன்ஜினியர் கடைக்காரரிடம் சொன்ன பொய்யால் அவருக்கு ஒரு மைல்கூட அதிகம் கிடைக்கவில்லை. நீங்கள் சொல்லும் பொய்யால்தான் உங்களுக்குத் தள்ளுபடியே கிடைக்கிறது. பொய் சொல்லி நம்பவைத்துப் பொருளைப் பெறுவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு மோசடி என்கிறது. பிரியாணிக்காக யாரும் வழக்குப் போடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பாடிய பட்டினப்பாலை, அவர்கள் வாங்கும்போது கூடுதலாக எடுத்துக்கொள்வதும் இல்லை, விற்கும்போது குறைவாகக் கொடுப்பதும் இல்லை என்று புகழ்கிறது. மேடைகளில் இதை விற்பவருக்கான பாடமாகவே சொல்லிவருகிறோம். வாங்குகிற பக்கமும் அதிலேயே இருக்கிறது.

கடைசியாக, சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆள். ஹூவர் தோற்றபோது பணம் பங்குதாரரிடமிருந்து போனது. தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண் ஒரு பூஜ்யத்தைக் குறைத்து அடித்துவிட்டாலோ, ஒரு முறை பயன்படுத்த வேண்டிய கூப்பனை நாலு முறை ஏற்றுக்கொண்டுவிட்டாலோ பணம் எங்கிருந்து போகிறது? இரவு கல்லாக் கணக்கு நேராகவில்லை என்றால் பெரும்பாலும் அவள் சம்பளத்திலிருந்து. தொழிலாளியின் கவனக்குறைவால் வந்த நட்டத்தைப் பிடிக்க 1936-இன் ஊதிய வழங்கல் சட்டம் இடம் கொடுத்தது உண்மை. ஆனால் அவர் தரப்பு விளக்கத்தைக் கேட்ட பிறகே பிடிக்கலாம் என்றும் அதே சட்டம் சொன்னது. விளக்கம் கேட்கும் முதலாளியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே, பெரிய நிறுவனத்தின் எழுத்தில் இருக்கும் ஓட்டையில் தாராளமாக நுழையுங்கள், உங்களுக்கு என் ஆசி. கவுன்டரில் நிற்பவரின் கை தவறினால் அந்தக் கணமே சொல்லிவிடுங்கள். அந்தப் பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் சொந்தக்காரர் நிறுவனம் அல்ல.

இந்த அவையில் கடை நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். அறக்கட்டளைக் குடும்பத்தாரும் இன்னும் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆடிக்குப் பலகை எழுதும்போது நிபந்தனையைத் தமிழில், சலுகை இருக்கும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். ஒருவருக்கு எத்தனை என்ற உச்சவரம்பை அதிலேயே போடுங்கள். உங்கள் கணக்குத் தவறி எவனாவது நிபந்தனைப்படி அள்ளிக்கொண்டு போனால் சிரித்த முகத்தோடு கொடுத்துவிடுங்கள். அந்த நட்டத்துக்காகப் பில் போடும் பெண்ணின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.